பி நானூத்தி மூணின் வெள்ளைப் பொம்மை

ஏழு மலையும் ஏழு கடலும் தாண்டிப் போக வேண்டாமுங்க, சத்தி ரோட்டுல சரவணம்பட்டி தாண்டி ரெண்டு பேக்கரியும் ஒரு கல்யாண மண்டபமும் வந்ததுக்கப்பறம் வலது கைப்பக்கம் திரும்பினாப் போதும், எங்க பொன்வேல் அப்பார்ட்மெண்ட் வந்துரும். மூணு பிளாக்கு, நாலு மாடி, வாசல்ல ஒரு புள்ளையாரு, மாசத்துல பாதி நாள் ரிப்பேர்ல கெடக்கற ஒரு லிப்ட்டு, சிறுவாணித் தண்ணி ஏ பிளாக்குக்கு மட்டும் ஏன் மொதல்ல வருதுன்னு வருசக் கணக்கா ஓயாத ஒரு சண்டை. இங்கதான் அந்த வெள்ளைப் பொம்மையில முகம் வந்துச்சு. நான் சி பிளாக்குல தரைத்தளம். எல்லாரும் என்ற ஊட்டு ஜன்னலைத் தாண்டித்தான் போகணும், வரணும், அதனால எனக்குத் தெரியாம இங்க ஒரு பூனை குட்டி போட முடியாது.

இங்க ஆளுக்குப் பேரு கெடையாது, நம்பருதான். "ஏ நூத்திரெண்டு மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிருச்சு"ம்போம், "சி முன்னூத்தொண்ணு பொண்ணுக்கு வளைகாப்பு"ம்போம். வண்டி நிறுத்தற எடத்துல நம்பரு, தபால் பொட்டில நம்பரு, வாட்ஸப்புல நம்பரு. பேரைச் சொன்னாத்தான் "யாருங்க அது?"ன்னு கேப்பாங்க. அப்படி ஒரு நம்பருதான் பி நானூத்தி மூணு. ஒண்டிக்கட்டை, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், திருப்பூரு பனியன் கம்பெனிகளுக்குச் சட்டையில அடிக்கற படமெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுக்கற சோலி, ஊட்டுக்குள்ள உக்காந்தே பாக்கறது. கல்யாணம் ஆகலையா, ஆகி அத்துக்கிச்சா, அப்பன் ஆத்தா இருக்காங்களா, ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, மனுசன் பொம்மை வாங்கறாரு.

கொழந்தைங்க வெளையாடற பொம்மை இல்லீங்க. வினைல்னு ஒரு மெத்துனு இருக்கற பிளாஸ்டிக்குல வார்த்தது, பெரியவங்க காசு குடுத்து வாங்கி அலமாரில வெக்கறது. ஹாங்காங்குல ஒரு ஓவியர், ஜப்பான்ல ஒரு ஓவியர்னு அவங்கவங்க மனசுல தோணுனதை உருவமாக்கி, இத்தனைதான்னு அளவா வார்த்து, உள்ளங்கால்ல நம்பரு குத்தி அனுப்பறாங்க. ஒத்தைக் கொம்பு கரடி, வகுறு தொறந்து உள்ள வானவில்லு தெரியற முயலு, தலைக்கு மேல மழை மேகத்தைச் சுமந்துட்டுக் குத்த வெச்சிருக்கற பையன், இப்படி அலமாரி அலமாரியா. பிரிக்கற வரைக்கும் உள்ள எந்தப் பொம்மைன்னு தெரியாத பொட்டியும் வரும். அதை செக்யூரிட்டி ரூம் பக்கத்துல நின்னு காதுகிட்ட வெச்சு மெல்ல ஆட்டி, கண்ணை மூடிட்டு, உள்ள யாரு இருக்கான்னு அவரு கேட்டுட்டு நிக்கறதை நான் ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். "தேங்காய் வாங்கறவனாட்ட ஆட்டறான் பாரு"ன்னு நாங்க சிரிப்போம். இந்த வயசுல பொம்மைன்னா சிரிக்காம என்ன பண்றது?

அதுல ஒண்ணுதான் வெள்ளைப் பொம்மை. முழங்கை உசரம், கரடிக்கும் கொழந்தைக்கும் நடுவால ஒரு உருவம், கண்ணு மூக்கு வாய் ஒண்ணும் இல்லாம மொழுமொழுன்னு இருக்கும். வாங்கறவங்களே வரைஞ்சுக்கட்டும்னு அப்படியே விக்கறாங்களாம். இவரும் வரைய வாங்கினாரு, என்னத்தை வரையறதுன்னு தெரியாம வெச்சுட்டாரு.

ஆடி மாசம், காத்து மொட்டை மாடித் துணியெல்லாம் பிச்சுட்டுப் போயிட்டிருந்த ஒரு காலைல, பி நானூத்தி மூணு படியெறங்கி, ஏ பிளாக்குக்கு வந்து, சாந்தாமணியக்கா ஊட்டுக் கதவைத் தட்டுனாரு. சாந்தாமணியக்கா எங்க சங்கத் தலைவரு சென்னியப்பனோட சம்சாரம். புருசன், ரெண்டு பையன், ரெண்டு மருமக, ஒரு பேரன்னு ஊடு நெறைய ஆளு. அக்கா கதவைத் தொறந்ததும் இவரு செருப்பைப் பாத்துட்டே கேட்டாரு: "தப்பா நெனச்சுக்காதீங்க... நேத்து உங்ககிட்ட யாருமே பேசலீங்களா?"

அக்காவுக்கு வந்துச்சே கோவம். "என்ன பேச்சுங்க இது? ஊடு நெறைய ஆளை வெச்சுட்டு..."ன்னு ஆரம்பிச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. காலைல பசங்க போனைப் பாத்துட்டே காப்பி குடிச்சதும், மருமகளுக காதுல ஒயரைச் சொருகிட்டே டப்பாவை எடுத்துட்டு ஓடுனதும், ஊட்டுக்காரரு மீட்டிங்கு மீட்டிங்குன்னு போயிட்டு வந்து தட்டுல இருந்ததைத் தின்னுட்டுப் படுத்ததும், பேரன் டிவியைப் பாத்தபடியே சோத்துக்கு வாயைத் தொறந்ததும் ஒவ்வொண்ணா நெனப்புக்கு வர, அக்கா படியில உக்காந்து முந்தானையை வாயில வெச்சுட்டு அழுதாங்க. "ஆமாங் தம்பி, ஒருத்தரும் பேசலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவரு மேல கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு. வெள்ளைப் பொம்மையில அக்காவோட முகம். மூக்குத்தி, தாடைல இருக்கற மச்சம், நெத்தியில சின்னக் காயத் தழும்பு, எல்லாம். வெரலால தேச்சாலும் போகலை.

மறுநாள் காலைல அந்த முகம் போயி, இஸ்திரி போடற மாரப்பன் முகம் வந்திருந்துச்சு. அதுக்கு மறுநாள் சி நூத்திநாலுக்குப் புதுசாக் கல்யாணமாகி வந்த பொண்ணு. பால் பாக்கெட் வர்றதுக்குள்ள முகம் மாறிரும், மறுநாள் வரைக்கும் அப்படியே இருக்கும். முந்தின நாள் யாருகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலையோ, அவங்க முகம். அப்படிப் பல பேரு இருந்தா யாரைக் காட்டறதுன்னு பொம்மையே முடிவு பண்ணிக்கும்.

இது எப்படி நடக்குது, என்ன மாயம்னு ஆராஞ்சவங்க எங்க அப்பார்ட்மெண்ட்ல ரொம்பக் கம்மி. பி இருநூத்தாறு இஞ்சினியரு மட்டும் ஒரு லென்சை எடுத்துட்டு வந்து, பொம்மையைத் தலைகீழாப் புடிச்சுப் பாத்துட்டு, "பேட்டரி எதுவும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதோட ஆராய்ச்சி முடிஞ்சது. மத்தவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான், இன்னைக்கு யாரு?

காலைல பல்லு வெளக்குன கையோட ஆம்பளைங்க, கோலப்பொடி கையோட பொம்பளைங்க, எல்லாரும் பி நானூத்தி மூணுக்குப் போறதே பழக்கமாச்சு. "முகம் பாத்தாச்சா?"ங்கறது "சாப்டாச்சா?"ங்கற மாதிரி ஆயிப்போச்சு. முகம் வந்தவங்களுக்கு மொதல்ல ஒரே வெக்கம். மானம் போச்சேன்னு சி முன்னூத்தொண்ணு மாமனாரு ரெண்டு நாள் வெளிய வரலை. வராததால அவரு முகமே திரும்ப வந்துச்சு, அட கெரகமே! பொறவு சாந்தாமணியக்காதான் ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. யாரு முகம் வருதோ அவங்க ஊட்டுக்கு அன்னைக்கு ஒரு பிளாக்குக்காரங்க போகணும், கையில ஏதாச்சும் பலகாரம் இருக்கணும், உக்காந்து பேசணும், முக்கியமா பொம்மையைப் பத்திப் பேசக்கூடாது.

போகப் போக வெவரமெல்லாம் புடிபட்டுச்சு. போன்ல பேசறது கணக்குல சேராது. குட்மார்னிங் மெசேஜ், ரோசாப்பூப் படம், அதுவும் சேராது. திட்டுனா சேரும்; தெனம் மாமியாகிட்டத் திட்டு வாங்கற ஏ நூத்திரெண்டு மருமக முகம் ஒரு நாளும் வந்ததே இல்லை. ஆனா அந்த மாமியா முகம் வந்துச்சு. "நாள் பூரா எங்கிட்டப் பேசிட்டுத்தானே இருந்தா!"ன்னு அந்தம்மா சண்டைக்கு வந்தப்பத்தான் பெரிய வெவரமே தெரிஞ்சுது. மருமக பேசுனது நெசந்தான், கண்ணு மட்டும் சீரியல்ல இருந்திருக்குது. திட்டறவங்க மூஞ்சியைப் பாத்துத் திட்டுவாங்க, அதனால அது சேருது. வார்த்தை காதுல விழுந்தாப் போதாது, முகத்தைப் பாத்துப் பேசியிருக்கணும். இதை வாட்ஸப்புலயே போட்டு, எல்லாரும் கையெடுத்துக் கும்பிடற படம் போட்டாங்க. மறந்துராதீங்க, இந்த வெவரம் எங்க எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கப்பறம் பாக்கணுமே எங்க ஊரை! புருசன் பொண்டாட்டிகிட்ட, "இங்க பாரு, என்ற முகத்தைப் பாரு, ஏதாச்சும் சொல்லு, நாளைக்கு உன்ற மூஞ்சி வந்தா என்ற மானம் போயிரும்"னு கெஞ்சறான். லிப்ட்டுல ஏறுனா ஆளாளுக்கு முகத்தைப் பாத்துச் சிரிக்கறாங்க. வாடகைக்கு இருக்கறவங்க முகம் வந்தா சொந்த ஊட்டுக்காரங்க போயிப் பாக்கணுமான்னு ஒரு சண்டை, அதுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துல வாடகைக்காரங்களும் சொந்தக்காரங்களும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு கத்துனதுல மறுநாள் வந்தது வாட்டர் டேங்க் கழுவ வந்து தங்கியிருந்த ஆளோட முகம். பலகாரத்துக்கு ஆசைப்பட்டு பி நூத்தியெட்டு வேணும்னே நாள் பூரா கதவைச் சாத்திட்டு உக்காந்து முகம் வரவெச்ச கூத்தும் உண்டு. அவனுக்கு உப்புமா கொண்டு போயிக் குடுத்தோம். பயத்துல பேசுனாலும் பேச்சு பேச்சுதானுங்க. அந்த ஆவணியில எங்க அப்பார்ட்மெண்ட்ல இருந்த சந்தோசம், புள்ளையாரு சத்தியமா, அதுக்கு முன்னால இருந்ததில்லை.

பி நானூத்தி மூணுக்கும் அது நல்ல காலந்தான். உக்கார நாற்காலி வாங்கிப் போட்டாரு. புதுசா டம்ளர் வாங்கி, காலைல வர்றவங்களுக்கெல்லாம் டீ போட்டாரு, சக்கரை இல்லாம ஒண்ணு, சக்கரையோட ஒண்ணு. தெனமும் மழுமழுன்னு ஷேவிங் பண்ணிட்டு, பட்டை பிரேம் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுட்டு, கதவைத் தொறக்கறப்பவே சிரிச்சுட்டேதான் தொறப்பாரு. யாரு எந்தப் பொம்மையைத் தொட்டாலும் கோவிச்சுக்க மாட்டாரு. ஒரு நாள் இஞ்சினியரு ஒத்தைக் கொம்பு கரடியோட தலையைத் திருகப் போனப்ப மட்டும் பதறிப் போயி, "சூடு காட்டாமத் திருப்பாதீங்க, கழுத்து விட்ரும்"னு சொல்லிட்டு, தலை காய வெக்கற மெஷினை எடுத்துட்டு வந்து சூடு காட்டுனாரு. சித்த நேரத்துல வினைல் எளகி, தலை அதும்பாட்டுக்குத் திரும்புச்சு. "நாம அவசரப்படறோம்ங்க, அது பொறுமையாத் திரும்பிக்கும்"னாரு. நாங்க எல்லாரும் கரடியைப் பாத்துட்டிருந்தோம்.

அவருக்கு இன்னொரு சோலியும் இருந்துச்சு. முகத்தைப் பாத்ததும் யாருன்னு சொல்றது. இத்தனை வருசம் ஒருத்தர்கிட்டயும் பேசாத மனுசனுக்கு அத்தனை பேரோட முகமும் மனப்பாடமாத் தெரிஞ்சிருந்துச்சு. நாங்க பொம்மையைச் சுத்தி நின்னு முழிப்போம், யாராச்சும் ஒருத்தரு திரும்பி அவரைப் பாத்து, "யாருங்க இது?"ம்போம். "சி இருநூத்திமூணுல மொட்டை மாடிக்கு வந்து தனியா வடகம் காயவெப்பாங்களே, அவங்க"ம்பாரு. ஒரு நாளைக்கு ஒருக்கா, ஒருத்தரு, அந்த ஒரு கேள்வி. அது அவருக்கு எத்தனை பெருசுன்னு எங்களுக்கு அப்பத் தெரியலை.

பொறவு சங்கக் கூட்டத்துல தலைவரு ஒரு யோசனை சொன்னாரு. வயசானவங்க நாலு மாடி ஏற முடியலை, லிப்ட்டு வேற இப்படி இருக்குது, பொம்மையைக் கீழ வரவேற்புல கண்ணாடிப் பொட்டில வெச்சுட்டா எல்லாருக்கும் சௌகரியம். எல்லாரும் கை தூக்குனோம். பொம்மைக்குச் சொந்தக்காரரு கடைசி வரிசைல நின்னுட்டிருந்தாரு. "வெச்சுக்குங்க"ன்னு அவரே கையில தூக்கிட்டு வந்தாரு. "வெயிலு மட்டும் படாமப் பாத்துக்குங்க, மஞ்சளாயிரும்"னாரு. அப்பறம், "காலைல நான் கீழ வந்து யாருன்னு சொல்லட்டுங்களா?"ன்னு கேட்டாரு.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? இத்தனை பேரு இருக்கோம், நாங்களே பாத்துக்கறோம்"னாரு தலைவரு, கண்ணாடிப் பொட்டிக்குப் பூட்டு போட்டுட்டே.

நல்ல மனசோடதான் சொன்னாரு. அதுதான் எங்க கேடு, எங்க ஊருல எல்லாமே நல்ல மனசோடதான் நடக்கும்.

பொட்டியைக் கெழக்குப் பாத்த கண்ணாடிக் கதவுகிட்ட வெச்சாங்க, அங்கதான் பிளக் பாயிண்ட் இருந்துச்சு, லைட்டு போட. யாரோ பொட்டிக்குக் குங்குமம் வெச்சாங்க, பி முன்னூத்தியஞ்சு ஜோசப் சாரு "எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டுமேங்க"ன்னதும் தொடைச்சுட்டாங்க. முகம் வந்தது, பலகாரம் போச்சு, பேச்சு நடந்துச்சு, எல்லாம் நல்லாத்தான் போச்சு. பொரட்டாசி பொறந்து கொஞ்ச நாள்ல, ஒரு காலைல, ஒருத்தருக்கும் தெரியாத ஒரு முகம் வந்துச்சு.

ஆம்பளை முகம். தாடி, அதுல பாதி நரை. குழி விழுந்த கன்னம், கண்ணுக்குக் கீழ கருப்பு. சிரிப்பே இல்லாத வாயி. யாருன்னு ஒருத்தருக்கும் தெரியலை. ஏ பிளாக்கு பி பிளாக்குன்னுச்சு, பி பிளாக்கு சி பிளாக்குன்னுச்சு. மாரப்பன் பாத்தாரு, பால்காரரு பாத்தாரு, செக்யூரிட்டி பாத்தாரு, தெரியலை. மறுநாள் மாறிரும்னு விட்டோம். மறுநாளும் அதே முகம். அதுக்கு மறுநாளும் அதேதான். தாடி மட்டும் கொஞ்சம் வளந்திருந்துச்சு.

வாட்ஸப்புல படம் போட்டோம், "இவரை யாருக்காவது தெரியுமா?"ன்னு. ஊரே பாத்துச்சு. வெளிநாட்டுல இருக்கற ஓனருங்க கூடப் பதில் போட்டாங்க. பி நானூத்தி மூணு ஏதோ போட்டு, ஒடனே அழிச்சிருந்தாரு; வாட்ஸப்புல தன்ற படத்துக்குப் பதிலா எப்பவும் அந்த வெள்ளைப் பொம்மை படம்தான் வெச்சிருப்பாரு, பொம்மைக்காரரு பொம்மையைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருப்பாருன்னு ஒருத்தரும் என்னன்னு கேக்கலை. கட்டடம் கட்டறப்ப சாரத்துல இருந்து விழுந்த கொத்தனாரு முகம்னு சி பிளாக்குல ஒரு பேச்சு. அப்படி ஒருத்தரும் விழுகலைன்னு தலைவரு சத்தியம் பண்ணுனாரு, இருந்தாலும் ஒரு ஹோமத்தைப் பண்ணி எல்லா ஊட்டுலயும் தண்ணி தெளிச்சோம். முகம் போகலை.

கடைசில கதவு கதவாப் போயிக் கேக்கறதுன்னு முடிவாச்சு. பி பிளாக்குக்கு நானும் சாந்தாமணியக்காவும் போனோம். அக்கா கையில போனு, போன்ல அந்த முகம். நாலாவது மாடிக்கு வந்தப்ப முழங்கால் வலி உசுரு போகுது. பி நானூத்தி மூணு கதவு கொஞ்சமாத் தொறந்துச்சு. அக்கா போனை நீட்டி, அதுல வெயிலு அடிக்குதுன்னு கையால மறைச்சுட்டு, படத்தைப் பெருசு பண்ணிட்டே, "இந்த முகத்தை எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. நானும் போனைத்தான் எட்டிப் பாத்துட்டிருந்தேன், மூக்கு சரியாத் தெரியலையேன்னு.

உள்ள இருந்து, "பாத்திருக்கேன்ங்க. ஆனா யாருன்னு நான் சொல்லக் கூடாதுங்க"ன்னாரு.

"சரி, நெனப்பு வந்தாச் சொல்லுங்க"ன்னு அக்கா அடுத்த கதவுக்குப் போயிட்டாங்க. அவரு என்ன சொன்னாருன்னு எங்க காதுல ஏறவே இல்லை. நடந்ததை அப்படியே சொல்றேன், பூசி மெழுகலை.

நாள் போச்சு. முகம் மாறாததால பொம்மையைப் பாக்க வர்றவங்க கொறைஞ்சாங்க. நாளைக்கு நம்ம முகம் வராதுங்கற தைரியம் வந்ததும் புருசனுக்குப் பொண்டாட்டிகிட்டப் பேச ஒண்ணும் இல்லாமப் போச்சு. லிப்ட்டுல மறுக்கா எல்லாரும் தரையைப் பாக்க ஆரம்பிச்சாங்க. பலகாரம் நின்னுச்சு. சாந்தாமணியக்கா ஊட்டுல பசங்க காப்பியை எடுத்துட்டுப் போனைப் பாத்துட்டே போனாங்க, அக்கா ஒரு நாள் என்ற ஜன்னலுக்கு வெளிய நின்னு, "அந்தத் தாடிக்காரன் எடத்தை அடைச்சுட்டு உக்காந்திருக்கறதால என்ற முகம் வெளிய தெரிய மாட்டேங்குதடி"ன்னு சொன்னாங்க. அந்த வெசனத்தைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

சங்கத்துல பொம்மையைத் திருப்பிக் குடுத்தர்றதுன்னு முடிவு பண்ணுனாங்க. ரிப்பேர் ஆயிருச்சாம். தெரியாத ஆளு மூஞ்சியை வாசல்ல வெச்சுட்டு இருந்தா வாடகைக்கு ஆளு வர மாட்டாங்களாம். அக்கா நானே கொண்டு போறேன்னாங்க. கம்பெனிக்கு எழுதிப் போட்டா சரி பண்ணித் தருவாங்களான்னு அவருகிட்டக் கேக்கணும்னு அவங்களுக்கு ஆசை. அக்கா பொம்மையை ஒரு துண்டுல சுத்திக் கொழந்தையாட்ட இடுப்புல வெச்சுக்க, நான் கூடப் போனேன். செக்யூரிட்டி எங்களை நிறுத்தி, "நானூத்தி மூணுக்குத்தானே போறீங்க, இதையும் குடுத்துருங்க, ரொம்ப நாளா எடுக்க வரலை"ன்னு ஒரு அடுக்குப் பொட்டியை என்ற கையில குடுத்தாரு. எல்லாம் உள்ள யாருன்னு தெரியாத பொட்டி. அன்னைக்கு லிப்ட்டு வேலை செஞ்சுது. மேல போனதும் பொட்டியை ஒரு கையில அணைச்சுட்டு, மூடிக்கப் பாத்த லிப்ட்டுக் கதவை இன்னொரு கையில புடிச்சுட்டு நின்னேன்.

மணி அடிச்சதும் கதவு தொறந்துச்சு. அக்கா குனிஞ்சு துண்டை அவுத்து, பொம்மையை நீட்டி, "தம்பி, இது ரிப்பேராட்ட இருக்குதுங்க"ன்னாங்க. அவரு ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வெச்சுட்டு, "ரிப்பேர் எல்லாம் இல்லைங்க, அது சரியாத்தான் காட்டுது"ன்னாரு. பொம்மையோட ஒரு கன்னத்தை வெரலால தடவிட்டு, "மஞ்சளாயிருச்சு"ன்னாரு.

அக்கா அப்பத்தான் நிமுந்தாங்க. மேல ஒரு முகம், நெஞ்சுல ஒரு முகம். அதே தாடி, அதே பாதி நரை, அதே குழி விழுந்த கன்னம், அதே கண்ணு. சிரிக்காத அந்த வாயி. எத்தனையோ காலைல அவரு போட்ட டீயைக் குடிச்சிருக்கோம், அந்த மனுசன் எங்களுக்கு எப்பவும் மழுமழுன்னு ஷேவிங் பண்ணி, கண்ணாடியைப் போட்டுட்டு, சிரிச்சுட்டே கதவைத் தொறந்தவரு, தாடியோட, கண்ணாடி இல்லாம, சிரிக்காம இருந்தா அவரு முகம் எப்படி இருக்கும்னு எங்க ஒருத்தருக்கும் தெரியாது.

"அட சாமி"ன்னு அக்கா கன்னத்துல கைய வெச்சுட்டாங்க. "நீங்களா? நீங்களாங் தம்பி? போன்ல காட்டிக் கேட்டனே, சொல்லப்படாதா?"

"நானே சொன்னா எப்படிங்க?"ன்னாரு. கோவமாச் சொல்லலை. கணக்கு கேட்டவங்களுக்கு வெடை சொல்ற மாதிரிச் சொன்னாரு. "மொதல்ல அதுல என்ற முகந்தாங்க இருந்துச்சு, வாங்குன மறுநாள்ல இருந்து. ரெண்டு வருசம். வாங்குனவங்க முகம்தான் வரும்போல, அப்படித்தான் செஞ்சிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். துணி போட்டு மூடி வெச்சிருந்தேன். அப்பறம் ஒரு நாள் லிப்ட்டுல நீங்க என்னைப் பாத்து, 'இந்தப் பொட்டியில என்னங் தம்பி, பாக்க அழகா இருக்குதே'ன்னு கேட்டீங்க."

அக்காவுக்கு நெனப்பே இல்லை. முகத்துலயே தெரிஞ்சுது.

"எனக்குப் பதில் சொல்ல வரலைங்க, ரொம்ப நாளாப் பேசாம இருந்ததுல. தலையைக் குனிஞ்சுட்டு எறங்கிட்டேன். மறுநாள் துணியை எடுத்துப் பாத்தா என்ற முகம் இல்லை, உங்க முகம் இருக்குது. நீங்க பேசுனதால நான் போயிட்டேன். நான் பேசாததால நீங்க வந்துட்டீங்க. அதனாலதான் அன்னைக்கு வந்து கதவைத் தட்டுனேன்."

லிப்ட்டு கதவை மூடு மூடுன்னு கத்துது, நான் கையை எடுக்கலை. அக்கா கண்ணுல தண்ணி கொட்டுது. மூணு பிளாக்குக்கும் கேக்கற மாதிரிக் கத்தி எல்லாரையும் கூப்பிட்டு, இங்க பாருங்க, இவருதான், இவருதான்னு சொல்லணும்னு வாயைத் தொறந்தவங்க, தொறந்தபடியே நின்னுட்டாங்க. எனக்கும் அப்பத்தான் ஒறைச்சுது. இவருதான்னு சொல்றது சரி, யாருன்னு சொல்றது?

"உங்க பேரு என்னங் தம்பி?"ன்னு அக்கா கேட்டாங்க.

"பி நானூத்தி மூணுங்க"ன்னாரு.

"அது ஊடு. நான் பேரைக் கேக்கறேன்."

அவரு யோசிச்சாரு. நெசமாலுமே யோசிச்சாருங்க, புருவத்தைச் சுருக்கி, கண்ணை மூடிட்டு, பொட்டியைக் காதுல வெச்சு உள்ள யாரு இருக்கான்னு கேட்டுட்டு நிப்பாரே, அதே மாதிரி. அக்கா அவசரப்படுத்தலை. மறுநாள் பொம்மையில தலைவரு சென்னியப்பன் முகம் வந்ததும், அக்கா அன்னைக்குப் பூராம் நாலாவது மாடியிலயே இருந்ததால அவருகிட்டப் பேச ஆளில்லாமப் போனதும், அவருக்கு நாங்க கூட்டமாப் போயி உப்புமா குடுத்ததும் வேற கதை. அன்னைக்கு அந்தக் கதவுகிட்ட எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அது வர்றதுக்குச் சித்த நேரம் ஆச்சு.

"பூபதி"ன்னாரு.

"பூபதி"ன்னாங்க அக்கா, அவரு முகத்தை நேராப் பாத்து.

அவரு கண்ணைத் தொறக்காமலே, "இன்னொருக்காச் சொல்லுங்க"ன்னு கேட்டாரு.